மழைத்தண்ணீர் மட்டும் போதும்

எங்கள் மொட்டைமாடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப் இருக்கிறது. துணி காயப்போட வரும் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாசி பிடிச்சுக் கிடக்கே, கழுவி வைக்கக் கூடாதா?" என்றார்.

பாசி இல்லை, பூச்சி பிடித்துத் தின்னும் செடி. பள்ளிப் பாடத்தில் நெப்பந்தஸ் பக்கத்திலேயே யூட்ரிகுளேரியா என்று படித்திருப்போமே, அதுதான். நெப்பந்தஸைக் காட்டில் பார்க்க மேகாலயா போக வேண்டும். இது நம் ஊர்க் குளத்திலும் தண்ணீர் தேங்கிய வயலிலும் மிதக்கிறது. நானும் ஒரு வயலோரத்தில் கைப்பிடி அள்ளித்தான் கொண்டுவந்தேன்.

வேரே கிடையாது. நூல் போன்ற தண்டு, மயிரிழை இலைகள், அவற்றில் கடுகளவுப் பைகள். ஒவ்வொரு பையும் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, கன்னம் ஒட்டியது போல ஒடுங்கிக் காத்திருக்கும். வாயில் ஒரு கதவு, அதில் நாலைந்து முடிகள். நீர்த்தெள்ளு ஒன்று முடியை உரசினால் போதும், கதவு உள்பக்கமாகத் திறந்து, தண்ணீரோடு பூச்சியையும் இழுத்துக்கொள்ளும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 1875இல் வெளியான தன் நூலில் டார்வின், பூச்சிதான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறது என்று எழுதினார். பைதான் உள்ளே இழுக்கிறது என்று சொன்னவர், நியூ ஜெர்சியில் நுண்ணோக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்த மேரி ட்ரீட் என்ற பெண்மணி. அவர் பெயரும் நம் பாடப்புத்தகத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.

முதல் வருஷம் போர் தண்ணீர் ஊற்றி, ரோஜாவுக்குப் போடும் உரத்தில் ஒரு சிட்டிகையும் தூவினேன். பத்தே நாளில் பச்சைப் பாசி நூல்நூலாகச் சுற்றிக்கொண்டது. செடி பழுப்பேறி அழுகிப்போனது. மண்ணிலும் நீரிலும் சத்து குறைந்த இடத்தில் பிழைக்கத்தான் இது பூச்சி பிடிக்கிறது. உப்பும் உரமும் இதற்கு விஷம்.

இப்போது ஐப்பசி மழையைப் பிடித்து டிரம்மில் மூடி வைக்கிறேன். மழை இல்லாத மாதங்களில் ஆர்.ஓ. தண்ணீர். டப்பில் ஒரு சாண் ஆழம், அடியில் நன்றாகக் காய்ந்த வாதாம் இலை இரண்டு. தண்ணீர் லேசாக டீ நிறத்துக்கு வந்தால் செடி தெளிகிறது. காலை வெயில் நாலு மணி நேரம், உச்சி வெயிலுக்கு நிழல்வலை. தீனி போடுவதில்லை, குளத்துத் தண்ணீர் ஒரு டம்ளர் விட்டதில் நீர்த்தெள்ளு தானே பெருகிவிட்டது. சின்னக் கொசுப்புழுவையும் பிடிக்கும். ஒருநாள் லென்ஸில் பார்த்தபோது வால் பைக்குள், தலை வெளியே என ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் செடி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், டப்பின்மேல் கொசுவலை கட்டாயம்.

போன வாரம் அடர்ந்துபோனதைக் கொஞ்சம் களைந்தேன். அக்காவைக் கூப்பிட்டு, தண்ணீரிலிருந்து தூக்கிய கொத்தைக் காதருகே பிடித்தேன். பைகள் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை இழுக்கிற சத்தம்.

"கடுகு பொரியற மாதிரி கேக்குதே!" என்றார். ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன்.