ராமைத் துடைத்தால் உயிர் வரும்!

மதுரை திலகர் திடல் ஞாயிறு சந்தையில் பழைய இரும்பு, வண்டிச் சாமான்களோடு கம்ப்யூட்டர் உதிரிகளும் விலைக்கு வரும். காலாவதியான வீட்டுக் கம்ப்யூட்டரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அங்கே தேடுவது ஐடிஇ கேபிள், பிளாப்பி டிரைவ், உருண்டை முனை கீபோர்டு போன்றவற்றை. புதுக் கடைகளில் இவற்றைக் கேட்டால் முழிப்பார்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தவற்றில் ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ நிறைய. மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க் என்று தனித்தனியாக வாங்கி, கடைக்காரர் கண்ணெதிரே பூட்டிக் கொடுப்பார். எதை எங்கே சொருகினார் என்று பார்த்துப் பார்த்தே பலர் பாதி மெக்கானிக் ஆனார்கள். மீதியைத் தொலைபேசி கற்றுக்கொடுத்தது.

“அண்ணே, டிஸ்ப்ளே வரலண்ணே. பீப் பீப்னு கத்துது.”

“ராமக் கழட்டி ரப்பர் வச்சுத் தொடச்சுப் போடுங்க தம்பி.”

பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர்தான். ராம் பட்டையின் அடிவிளிம்பில் பொன்முலாம் பூசிய தொடுமுனைகள் வரிசையாக இருக்கும். புழுதியும் ஈரமும் சேர்ந்து அங்கே படலம் கட்டினால் மின்தொடர்பு விட்டுப்போகும். இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, பள்ளம் பார்த்து அழுத்தினால் இருபுறக் கொக்கிகளும் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு பீப். திரையில் எழுத்து ஓடும். அந்த நொடியில் வரும் சந்தோஷத்துக்காகவே அந்தப் பெட்டியை எடைக்குப் போட மனம் வராது. இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், கழற்றவே முடியாது. விண்டோஸ் 98-க்கான ஆதரவு 2006-லும் எக்ஸ்பிக்கு 2014-லும் நின்றுபோனது உண்மைதான். நம் கையால் பழுது பார்த்த பொருளின் மீதுள்ள பாசம் அதற்காக நின்றுவிடுமா?

இந்தப் பாசத்துக்கு இன்னொரு நியாயம் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கணினியில் தமிழை வளர்த்ததில் ஆர்வலர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985-ல். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.

அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல். அதற்கு முன் டைப் செய்த கல்யாணப் பத்திரிகையோ, கோயில் மலரோ, தாத்தா எழுதிய குடும்ப வரலாறோ, உரிய எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும் உள்ள அந்தக் கிழட்டுப் பெட்டியில் திறந்தால் பக்கம் பழையபடியே வந்து நிற்கும்.

ஆகவே, இடமில்லை என்று பெட்டியைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஐடிஇ-யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகப் புதுக் கணினியில் மாட்டலாம். கோப்புகளை நகலெடுக்கும்போது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் மறக்காமல் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.