மைலேஜைத் தாண்டிப் பார்த்தால்: ஆபீஸ் போய்வர எந்தச் சின்னக் கார்?

சின்னக் கார் விளம்பரங்களில் பெரிதாக அச்சாகும் ‘லிட்டருக்கு 25 கிலோமீட்டர்’ சாலையில் அளந்தது இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுக்கும் கணக்கு அது. அந்தச் சோதனையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது; எதிரில் ஷேர் ஆட்டோ வந்து நிற்காது. காலை ஒன்பது மணிக்குப் பல்லாவரத்திலிருந்து கிண்டிக்கு ஊர்ந்து போகிற வண்டியிடம் அதே கணக்கை எதிர்பார்க்க முடியாது. ஏசியும் நெரிசலும் சேர்ந்தால் இந்தக் கார்களில் பெரும்பாலானவை 14, 15-க்கு இறங்கிவிடும். ஆனாலும் எல்லா வண்டிக்கும் ஒரே சோதனைதான் என்பதால், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஒரு கார் 18 தருகிறது, இன்னொன்று 20. முதலாவதுக்கு 556 லிட்டர், இரண்டாவதுக்கு 500. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 5,600 ரூபாய். மாதத்துக்கு 500-கூட இல்லை. இந்தத் தொகைக்காகத்தான் பலர் தமக்குப் பொருந்தாத காரைப் பத்து வருடம் ஓட்டுகிறார்கள்.

நாம் பேசப்போகும் வண்டிகள் மாருதியின் ஆல்டோ கே10, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஹூண்டாயின் கிராண்ட் ஐ10 நியோஸ், டாடா டியாகோ, ரெனோ க்விட். எல்லாமே நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள். இந்த வரம்புக்குள் அடங்கினால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தது. இன்ஜின் அளவு 1,197, 1,199 என்று வரம்பை ஒட்டியே நிற்பதற்குக் காரணம் இதுதான். நியோஸ் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலும், க்விட் ஒரகடத்திலும் தயாராகின்றன.

பிக்கப் விஷயத்துக்கு வருவோம். விற்பனையாளர் குதிரைத்திறனைச் சொல்லுவார். ஆபீஸ் போய்வருபவருக்கு அதைவிட முக்கியம் இழுவை, அதாவது டார்க். ஆல்டோவிலும் சின்ன இன்ஜின் வேகன் ஆரிலும் இருப்பது ஒரே 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின்: 67 பிஎஸ், 89 நியூட்டன் மீட்டர். க்விட்டும் ஏறத்தாழ இதே கணக்கு. எடை குறைந்த ஆல்டோவில் ஒருவர் மட்டும் போனால் இந்த இன்ஜின் சுறுசுறுப்பாகவே தெரியும். அதையே வேகன் ஆரில் நாலு பேர், ஏசி, டிக்கியில் பை என்று ஏற்றிக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் திணறும்; இரண்டுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். 1.2 லிட்டர் வேகன் ஆரில் இழுவை 113. இந்த ஏற்றத்தில் வித்தியாசம் காலுக்கே தெரியும். வேகன் ஆர் எடுப்பதென்றால் கூடுதல் பணத்தைக் கொடுத்து 1.2 எடுப்பதுதான் சரி என்பேன். மைலேஜ் இழப்பு சொற்பம்: கம்பெனிக் கணக்கில் 24.35-க்குப் பதில் 23.56.

ஸ்விஃப்ட் 2024 மே மாதம் புது உருவில் வந்தபோது நாலு சிலிண்டர் இன்ஜின் போய் மூன்று சிலிண்டர் வந்தது. 90 பிஎஸ் 82 ஆனது. ரசிகர்கள் கொஞ்சம் புலம்பினார்கள். ஆனால் இழுவை 113-லிருந்து 112 ஆனதோடு சரி. நகரத்துக்குள் ஓட்டினால் இழந்தது எதுவும் தெரியாது. திண்டிவனம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்த நினைத்து மிதிக்கும்போதுதான் பழைய இன்ஜின் நினைவுக்கு வரும். டியாகோ காகிதத்தில் பலசாலி: 86 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர். ஆனால் ஸ்விஃப்ட்டைவிடக் கனமான வண்டி என்பதால் அந்தப் பலத்தில் ஒரு பங்கு தன் உடம்பைத் தூக்கவே போய்விடுகிறது.

இந்தக் கூட்டத்தில் நாலு சிலிண்டரை விடாமல் வைத்திருப்பவை நியோஸும் 1.2 லிட்டர் வேகன் ஆரும். நியோஸின் 83 பிஎஸ், 114 நியூட்டன் மீட்டர் என்ற எண்களில் விசேஷம் இல்லை. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது கியர் கம்பியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஒரு மெல்லிய நடுக்கம் உள்ளங்கைக்கு ஏறும். ஏசி கம்ப்ரசர் போடும்போது அது ஒரு படி கூடும். நியோஸில் இன்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்க்கத் தோன்றும். நாலு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் எரிகிறது, மூன்றில் இடைவெளி அதைவிட அதிகம். தவிர, மூன்று பிஸ்டன்களின் அசைவு ஒன்றையொன்று முழுதாகச் சமன் செய்வதில்லை, இன்ஜினின் இரு முனைகளும் மாறி மாறி ஏறி இறங்கப் பார்க்கும். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நெரிசல் என்றதும் கிளட்ச் மிதிக்கும் இடது கால் ஞாபகம் வரும். மலிவான ஆட்டோமேட்டிக் 2014-ல் மாருதி செலேரியோ வழியாக இங்கே வந்தது. இப்போது இந்தக் கார்கள் எல்லாவற்றிலும் அந்த வகை கிடைக்கிறது. மாருதி இதற்கு வைத்த பெயர் ஏஜிஎஸ். மற்றவர்கள் ஏஎம்டி என்பார்கள். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றும் வேலையை நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்னக் கருவி செய்கிறது. அதனால் மைலேஜ் குறையாது. மாருதியின் சில வண்டிகளில் கம்பெனிக் கணக்கில் சற்றுக் கூடவே இருக்கிறது. குறை என்னவென்றால், கியர் மாறும் நொடியில் இழுவை அறுந்து தலை லேசாக முன்னே ஆடும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது இது நன்றாகத் தெரியும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரில் காலைக் கொஞ்சம் தளர்த்தப் பழகினால் பாதி ஆட்டம் போய்விடும். மேம்பால ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: கிளட்ச் தேய்ந்து, செலவு வைக்கும்.

ஓட்டும் சுகத்தில் ஸ்விஃப்ட்டை மற்றவை தொடவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் உடனே திரும்புகிறது, பின்பக்கம் தள்ளாடாமல் தொடர்கிறது. அதற்கு விலையாக சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம். குழி விழுந்த தெருவில் முதுகு அதைச் சொல்லும். வேகன் ஆர் உயரம் அதிகமான வண்டி. வளைவில் சாயும், ஈசிஆரில் பக்கக் காற்று அடித்தால் லேசாக அலையும். ஆனால் அதே உயரம்தான் முழங்கால் வலிக்கும் அம்மாவைக் குனியாமல் ஏற்றி இறக்குகிறது, டிக்கியில் 341 லிட்டர் இடம் தருகிறது, ஸ்விஃப்ட்டில் 265-தான். நெடுஞ்சாலையில் கனமாக, நிலையாகப் போவது டியாகோ. குறுகிய தெருவில் ஆல்டோவுக்கு நிகரில்லை: 4.5 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும், மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் வீடு இருப்பவருக்கு இது புரியும். க்விட்டின் தரை இடைவெளி 184 மில்லிமீட்டர். மழைக்காலத்து வேளச்சேரிக்கு அது ஒரு தகுதி.

பாதுகாப்பைப் பற்றி ஷோரூமில் கேட்டால் ஏர்பேக் எண்ணிக்கையைச் சொல்லுவார்கள். மாருதி 2025-ல் ஆல்டோ வரைக்கும் ஆறு ஏர்பேக் கொடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் மோதும்போது காரின் கூடு நசுங்காமல் நின்றால்தான் ஏர்பேக்கால் முழுப் பயன். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் டியாகோ 2020-ல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கியது, இரண்டே ஏர்பேக்குடன். அதே வருடம் நியோஸ் 2. 2023-ல் ஆல்டோ கே10 இரண்டும் வேகன் ஆர் ஒன்றும் பெற்றன. இவை ஆறு ஏர்பேக் வருவதற்கு முன் எடுத்த சோதனைகள். ஸ்விஃப்ட்டின் முந்தைய தலைமுறை 2022-ல் ஒன்று வாங்கியது. புது ஸ்விஃப்ட்டின் குடும்பத்து டிசையர் 2024-ல் 5 வாங்கியது என்றாலும், அதை ஸ்விஃப்ட்டின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிஎன்ஜி வேண்டுமா என்பதற்கும் கணக்குதான் பதில். பெட்ரோல் காரைவிடச் சுமார் 90,000 ரூபாய் கூடுதல் என்று வையுங்கள். கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். பெட்ரோலில் 18 கிடைத்தால் ஐந்தரை. இரண்டு ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப 45,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நாலு வருடத்துக்குள் வந்துவிடும், 15 ஓட்டுபவருக்கு வராது என்றே சொல்லலாம். வேகன் ஆரில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். டாடாவும் ஹூண்டாயும் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்கடியில் வைத்து இடத்தைக் காப்பாற்றுகின்றன.

மறுவிற்பனையிலும் சின்ன ஊர்வரை சர்வீஸ் கிடைப்பதிலும் மாருதிக்குத்தான் முதலிடம். டியாகோ எடுப்பவர்கள், தங்கள் ஊர் டாடா சர்வீஸ் எப்படி என்று அங்கே ஏற்கெனவே வண்டி விடுபவர்களிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆன்-ரோடு விலைத் தாளில் இன்சூரன்ஸ், ‘அக்சசரிஸ் பேக்’ என்ற இரண்டு இனங்களையும் தனியாகப் படியுங்கள். இரண்டையும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, ஒரு மேம்பாலமும் ஒரு யூ-டர்னும் வேகத்தடைகளும் இருக்கும் வழியில் போகச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், நகரத்துக்குள் குடும்பத்தோடு ஓட்ட 1.2 லிட்டர் வேகன் ஆர் ஏஜிஎஸ். மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போகிறவர், ஓட்டுவதில் ருசி உள்ளவர் என்றால் ஸ்விஃப்ட். நெரிசலில் அமைதி தேடுபவருக்கு நியோஸ். இரவு நேர நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் சர்வீஸ் விசாரித்துவிட்டு டியாகோ எடுங்கள். ஆல்டோவையும் க்விட்டையும் ஒருவர் இருவர் போகும் வண்டியாக மட்டும் பாருங்கள்.