விண்டோஸ் மாற்றும்போது பாதியில் நின்றுவிட்டதா? பார்மட் செய்யும் முன் படியுங்கள்

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இரவு 9 மணிக்கு வந்து கதவைத் தட்டினார். பத்து ஆண்டுகளாக அவர் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருந்தது. யாரோ சொன்ன குறுக்கு வழியில் அதை விண்டோஸ் 11 ஆக மாற்றியிருக்கிறார். இப்போது விண்டோஸ் அடையாளம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, பின் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் "பார்மட் செய்துவிடலாம்" என்றார்களாம்.

"தம்பி, என் சம்சாரம் இருந்தப்போ எடுத்த போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. வேற காப்பி கிடையாது" என்றார்.

பார்மட் செய்தால் அத்தனையும் போய்விடும். ஆனால் விண்டோஸ் திறக்கவில்லை என்பதற்காக, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைல்கள் அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. வீட்டுச் சாவி தொலைந்தால் உள்ளே இருக்கும் பொருள் தொலைவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அன்று நாங்கள் செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் பொறுமை

பழைய கம்ப்யூட்டரில் அப்கிரேட் பல மணி நேரம் எடுக்கலாம். சதவீத எண் ஒரே இடத்தில் நின்றாலும், ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னிக் கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பவர் பட்டனைத் தொட வேண்டாம். அப்கிரேட் தோல்வி அடைந்தால் பல நேரங்களில் விண்டோஸ் தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். வெகு நேரம் எந்த அசைவும் இல்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லவும்.

பிரிண்டர், வெப் கேமரா, பென் டிரைவ் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கீ போர்டு, மவுஸ் மட்டும் வைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

மீட்புத் திரைக்குச் செல்லும் வழி

கம்ப்யூட்டரை இயக்கவும். விண்டோஸ் அடையாளம் தெரிந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து நிறுத்தவும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரை கிடைக்கும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பின் டிரபுள்ஷூட், மீண்டும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று செல்லவும்.

இத்திரை வரவே இல்லையா? வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் புரோகிராமை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் தயார் செய்திடவும். (அந்த பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும்.) அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ரிப்பேர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

சில கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் என்னும் பூட்டு போடப்பட்டிருக்கும். அப்போது 48 இலக்க எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் மொபைல் போன் வழியாக நுழைந்து பார்த்தால், பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்கும்.

பைல்களைக் காப்பாற்றுங்கள்

பழுது பார்ப்பது பிறகு. முதலில் பைல்கள். காலி பென் டிரைவ் அல்லது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திரையில் கமாண்ட் பிராம்ப்ட் தேர்ந்தெடுக்கவும். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். நோட்பேட் திறக்கும். அதில் பைல் மெனுவில் ஓப்பன் கிளிக் செய்திடவும். கீழே ஆல் பைல்ஸ் என மாற்றினால் எல்லா பைல்களும் தெரியும். டிரைவ்களின் எழுத்துகள் மாறியிருக்கலாம். சி டிரைவ் வேறு எழுத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். யூசர்ஸ் போல்டரில் உங்கள் பெயரைத் திறந்து, பிக்சர்ஸ், டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போல்டர்களில் ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்திடவும். எவ்வளவு காப்பி ஆனது என்பது திரையில் தெரியாமல் போகலாம். அவசரப்பட்டு பென் டிரைவைப் பிடுங்க வேண்டாம்.

ஆசிரியரின் போட்டோக்களை இப்படித்தான் எடுத்தோம். வேறொரு கம்ப்யூட்டரில் சில படங்களைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கினோம்.

இனி பழுது பார்க்கலாம்

கீழ்க்காணும் வரிசையில் முயற்சி செய்திடுங்கள்.

1. ஸ்டார்ட் அப் ரிப்பேர்: பூட் தொடர்பான சிறு கோளாறுகளைத் தானே சரி செய்யும்.

2. அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்: இதில் லேட்டஸ்ட் பீச்சர் அப்டேட் என்பதை நீக்கினால் பழைய விண்டோஸ் திரும்பும். வழக்கமாக 10 நாட்கள் வரைதான் இந்த வசதி. விண்டோஸ்.ஓல்ட் என்ற போல்டரை வைத்தே இது நடப்பதால், இடம் வேண்டும் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

3. சிஸ்டம் ரெஸ்டோர்: ரெஸ்டோர் பாயிண்ட் இருந்தால் மட்டும் பயன்படும்.

4. ரீசெட் திஸ் பிசி: கீப் மை பைல்ஸ் கொடுத்தால் உங்கள் பைல்கள் இருக்கும், நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும். ரிமூவ் எவ்ரிதிங் கொடுத்தால் எல்லாமே போய்விடும். படித்துப் பார்த்து கிளிக் செய்திடவும்.

ஆசிரியரின் கம்ப்யூட்டர் இரண்டாவது வழியில் எழுந்து நின்றது.

ஏன் இப்படி ஆனது?

விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு சிப், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், மைக்ரோசாப்ட் பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை தேவை. இச்சோதனையைத் தாண்டும் குறுக்கு வழிகளைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் பழைய டிஸ்பிளே கார்டு போன்றவற்றுக்குப் பொருத்தமான டிரைவர் கிடைக்காவிட்டால் சிக்கல்தான். 2024ல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டுயோ போன்ற மிகப் பழைய பிராசசர்களில் பூட் ஆகாது. அவற்றில் பாப்கவுண்ட் என்னும் கட்டளை இல்லாததே காரணம்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பார்க்கலாம். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, பிடித்தால் இன்ஸ்டால் செய்யலாம்.

எதைச் செய்வதானாலும், அதற்கு முன் உங்கள் பைல்களுக்கு இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள். ஆசிரியர் இப்போது இரண்டு காப்பி வைத்திருக்கிறார். ஒன்று பீரோவில், இன்னொன்று மகள் வீட்டில்.