குழாய்த் தண்ணீரில் உலோகம்: குடத்தில் கொண்டு போகாதீர்!

கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி வட்டாரத் திராட்சை விவசாயிகளுக்கு ஓர் உலோகப் பரிசோதனை பழக்கமானது. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் கொண்டு போர்டோ கலவை தயாரித்ததும், தீட்டிய கத்தியை அதில் சிறிது நேரம் வைப்பர். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிகுதி என்று பொருள். இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும்.

வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு இந்தக் கத்தி உதவாது. ஈயம், ஆர்சனிக், காட்மியம் ஆகியவை அதில் கலந்திருந்தாலும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியா. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும்.

அமெரிக்காவில் ஃபிளிண்ட் நகருக்கு 2014-ல் ஆற்று நீர் கொடுக்கப்பட்டபோது, குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. முதல் நாள் இரவே குழாயை ஓடவிட்டு, மறுநாள் மாதிரி எடுக்கச் சொன்னதால் ஈயத்தின் உண்மை அளவும் மறைந்தது. ஆகவே மாதிரி எடுக்கும் முறையே முக்கியம்.

குழாயைத் திறந்ததும் முதலில் வரும் நீரை ஒரு பாட்டிலிலும், சில நிமிடம் ஓடவிட்ட பின் வரும் நீரை மற்றொன்றிலும் பிடித்து, அடையாளம் எழுதி வைக்க வேண்டும். முதல் பாட்டிலில் மட்டும் உலோகம் மிகுந்திருந்தால் வீட்டுக் குழாயிலோ திருகிலோ குறை இருக்கலாம். இரண்டிலும் மிகுந்திருந்தால் நீர் வரும் இடத்தையும் பெரிய குழாயையும் சோதிக்கும்படி பேரூராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாதிரி எடுக்க ஆய்வகத்தார் தரும் பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது. பித்தளை, செம்புக் குடங்களும், பூச்சி மருந்து டப்பாக்களும் ஆகா. அவற்றிலுள்ள உலோகமே முடிவைக் கெடுத்துவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முன்கூட்டியே விசாரித்து, எந்தெந்த உலோகத்தைப் பார்க்க வேண்டும் என்று தனியே கேட்க வேண்டும். கடினத்தன்மை, உப்பு பார்க்கும் சாதாரண ஆய்வில் ஈயம் தெரியாது.

மயில்துத்தம் கரைத்த டிரம்மையும் தெளிப்பானையும் தெருக்குழாயடியிலோ கிணற்று மேட்டிலோ கழுவக் கூடாது. கொடியைக் காக்கும் மருந்து குடிநீரில் சேரலாகாது.