முங்குவதுதான் முதல் பாடம்

கல்வராயன் மலையில் பெய்கிற மழைதான் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி இரண்டு அணைகளை நிரப்புகிறது. கள்ளக்குறிச்சிச் சமவெளியின் ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் அதுவே போய்ச் சேர்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான இந்தப் பகுதியில் நீச்சல் தெரியாமல் வளர்வது கடினம் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். ஆனால் வயசுக்கு வந்தபின் கிணற்றுப் பக்கம் போகவிடாமல் வளர்க்கப்பட்ட பெண்கள், விடுதியிலேயே தங்கிப் படித்தவர்கள், ஆழ்துளைக் கிணறு வந்தபின் பிறந்த பிள்ளைகள் எனத் தண்ணீருக்குள் தலையை விடாமலே முப்பதையும் நாற்பதையும் தொட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இவர்கள் நீச்சல் கற்க வரும்போது கை கால் அடிப்பதில் பெரிய சிக்கல் வருவதில்லை. “முங்கு” என்றதும்தான் உடம்பு மறுத்துவிடுகிறது. இதைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டு பிடித்துத் தள்ளிவிடுவது நாம் வழிவழியாகச் செய்துவரும் வைத்தியம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முங்குவதைத் துணிந்தவர்களின் சாகசமாகக் கடைசியில் வைத்திருப்பதுதான் கோளாறு. அதை முதல் பாடமாக்கிவிட்டால் பயத்தில் பாதி கரைந்துவிடும்.

காரணம் உடம்பின் எடைக் கணக்கில் இருக்கிறது. மனித உடம்பின் அடர்த்தியும் நன்னீரின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் மிதப்பார்கள்; முழுதாக விட்டுவிட்டால் மெல்ல அமிழ்வார்கள். ஒல்லியாகவும் தசைக்கட்டோடும் இருப்பவர்களுக்குக் கால் சீக்கிரம் தாழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் யாராக இருந்தாலும், மிதக்கும் உடம்பில் தண்ணீருக்கு மேலே நிற்கக்கூடிய பங்கு மிகச் சிறியது. தலையின் எடையோ நான்கைந்து கிலோ. பயந்தவர் முதலில் செய்வது அந்தத் தலையை மேலே தூக்குவதுதான். அடுத்தது கைகளை வெளியே வீசுவது. வெளியே எடுத்த ஒவ்வொரு கிலோவும் மிச்ச உடம்பைக் கீழே அழுத்தும். முகத்தை நனையவிடாமல் காக்கிற முயற்சியே ஆளை அமிழ்த்துகிறது என்றால், முகத்தை உள்ளே விடுவதுதான் மிதப்பதற்கான வழி. இதை வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. பம்புசெட்டுத் தொட்டியின் இடுப்பளவுத் தண்ணீரில் செய்துபார்க்கலாம். மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு தொட்டியின் தரையில் சப்பணமிட்டு உட்காரப் பாருங்கள். பெரும்பாலோரால் முடியாது, தண்ணீர் மேலே தூக்கிவிடும். கீழே இழுத்துக்கொள்ளும் என்று எண்ணியிருந்த தண்ணீரே தன்னை உட்காரவிடாமல் தள்ளுகிறது என்று தெரிந்தவரிடம் அதற்கு மேல் பேச்சு தேவையில்லை.

இரண்டாவது விஷயம் மூச்சு. தண்ணீருக்குள் பத்து வினாடியிலேயே நெஞ்சு முட்டுகிறது, உயிர் போய்விடும் போலிருக்கிறது என்பார்கள். அந்த முட்டல் பொய்யல்ல. ஆனால் அது ஆக்சிஜன் தீர்ந்துபோனதன் அறிகுறியும் அல்ல. ரத்தத்தில் சேரும் கார்பன்-டை-ஆக்சைடைக் கண்டு மூளை எழுப்பும் குரல் அது. பதற்றத்தில் இருப்பவருக்கு இன்னும் முன்னதாகவே எழும். தம் கட்டி விறைத்து நிற்காமல் மூக்கு வழியாக மெல்லக் குமிழி விட்டால் இறுக்கம் தளர்கிறது. வெளியே போகும் காற்று இருக்கும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ராகம் இழுத்தாலும் இதே பலன்தான். காதுக்குள் போகும் தண்ணீர் செவிப்பறையோடு நின்றுவிடும், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. முகம் குளிர்ந்த நீரில் பட்டு மூச்சு நிற்கும்போது நாடித்துடிப்பு தானாகவே குறையும். நீர்நாய்க்கும் திமிங்கலத்துக்கும் உள்ள இந்த அனிச்சைச் செயல் நமக்கும் கொஞ்சம் இருக்கிறது. உடம்பு தண்ணீருக்கு முற்றிலும் அந்நியமல்ல. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் இதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே இறங்குவது நல்லது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? நம் பக்கத்துப் பாறை நிலத்தில் வெட்டிய அகலமான கிணறுகள் நீந்துவதற்கு அருமையானவை. பயந்தவர் தொடங்குவதற்கு அவற்றைவிட மோசமான இடம் கிடையாது. அடி தெரியாத கறுத்த தண்ணீர், கால் நிலைக்கும் இடமே இல்லை. பயம் படிப்படியாகத்தான் தெளியும். 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் சாப்பிடும் நேரத்தில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயம் தெளியவைத்தார். 1958இல் மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி இதே வழியை முறையான சிகிச்சையாக்கினார். இன்றும் அச்ச நோய்களுக்கு இந்தப் படிப்படியான பழக்கமே முதன்மையான மருந்து. அந்தப் படிகள் கிணற்றில் கிடையாது, பம்புசெட்டுத் தொட்டியில் உண்டு. அகன்ற பாத்திரத்தில் முகம் வைத்துக் குமிழி விடுவது, தொட்டியில் சுவரைப் பிடித்தபடி கன்னம், காது, உச்சந்தலை என நனைப்பது, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து எதிரில் நிற்பவர் காட்டும் விரல்களை எண்ணுவது, தரையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பது, பிறகு பிடியை விட்டுக் குப்புற மிதப்பது. ஒரு படியில் சலிப்புத் தட்டும்வரை இருந்துவிட்டு அடுத்ததற்குப் போனால் போதும். எப்போது நிறுத்துவது என்பதைக் கற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேடிக்கைக்காக ஒருமுறை தலையைப் பிடித்து அமுக்கினால் அத்தனை நாள் உழைப்பும் வீண்.

“எங்கள் தாத்தா தூக்கிப் போட்டார், நாங்கள் கற்றுக்கொள்ளவில்லையா?” என்று கேட்பார்கள். கற்றுக்கொண்டவர்கள்தான் இந்தக் கதையைச் சொல்ல இருக்கிறார்கள். புரை ஏறி, அலறி, அதன்பின் கிணற்றை எட்டிப் பார்க்காதவர்கள் தங்கள் கதையை வெளியே சொல்வதில்லை. இன்றைக்கு நாற்பது வயதில் தயங்கி நிற்பவர்களில் அவர்களும் உண்டு. அந்தத் தாத்தா வெறுமனே தூக்கிப் போட்டுவிடவும் இல்லை. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை அவர் கையில். படிப்படியாகப் பழக்கும் வேலையைச் செய்தவை அவைதாம், புகழ் மட்டும் தள்ளிவிட்டதற்குப் போய்விட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கிணற்றில் பழகியவர்கள் பலர் தலையைத் தூக்கிக்கொண்டேதான் நீந்துகிறார்கள், முங்கத் தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? அப்படி நீந்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் விடாமல் கால் உதைத்துத்தான் அந்தத் தலையைச் சுமக்கிறார்கள். களைத்தால் இளைப்பாற வழியில்லை. முங்கப் பழகியவர் முகத்தை உள்ளே விட்டுச் சற்று ஓய்ந்து, மல்லாந்து, மூச்சு வாங்கிக்கொள்ள முடியும். தவறி விழுகிறவர் எப்படியும் முதலில் முங்கத்தான் செய்வார். முன்பின் முங்கியறியாதவர் அந்த நொடியில் மூச்சை உள்ளிழுத்துவிடுகிறார். இந்தியாவில் ஆண்டுக்கு 35,000க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. அவர்கள் எல்லோரும் நீந்த இறங்கியவர்கள் அல்லர்.

நீச்சல் குளத்துக்கு எங்கே போவது, பெண்கள் எங்கே பழகுவது என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. வங்கதேசத்தில் சிறுவர்களுக்கு நீச்சல் கற்பிக்க ஊர்க் குளங்களிலேயே மூங்கில் மேடை அமைத்து, ஆழத்தை அளவுபடுத்திக்கொண்டார்கள். இங்கும் தொட்டி இருக்கிறது, துணைக்கு ஆளும் உண்டு. பெண்களுக்கென ஒரு நேரம் ஒதுக்கி ஒரு மறைப்புக் கட்டுவதில் பெரிய செலவில்லை. சுடிதாரோடு பழகுவதிலும் தவறில்லை, விழும்போது யாரும் நீச்சல் உடையில் இருப்பதில்லையே. தனியாக மட்டும் இறங்கக் கூடாது. யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி போடுவதும், அதற்காக முன்கூட்டியே வேகவேகமாக மூச்சு வாங்குவதும் ஆபத்து. அப்படிச் செய்தால் கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து, மூளையின் எச்சரிக்கை எழும் முன்பே நினைவு தப்பிவிடும்.

பயம் போனவர் கல்வராயன் மலையின் மேகம் அருவியிலோ பெரியார் அருவியிலோ குதித்துவிட மாட்டாரா என்ற கவலை நியாயமானது. ஆனால் ஓரிடத்தில் தெளிந்த பயம் இன்னோரிடத்தில் திரும்பி வரும் என்பதை உளவியல் ஆய்வுகள் மறுபடி மறுபடி கண்டிருக்கின்றன. தொட்டியில் தேறியவருக்குக் கிணற்றுப் படியில் நெஞ்சு படபடத்தால் அது தோல்வியல்ல; அங்கே இறங்கு படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று பொருள். அருவியில் அந்தப் படபடப்புக்கு மறுபேச்சில்லாமல் கட்டுப்பட வேண்டும். அங்கே நுரைக்கு அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று கரையிலிருந்து தெரியாது. மலைமேல் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.