உங்களுக்குத் தெரியுமா? – நிறுத்திய பின்னும் பெட்ரோல் பீய்ச்சிய பம்ப்

1954ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் அறிமுகப்படுத்திய 300 எஸ்.எல். காரில், பாஷ் கம்பெனியின் இயந்திர பம்ப் ஆறு சிலிண்டர்களுக்குள்ளும் பெட்ரோலை நேராகவே பீய்ச்சியது. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னரும், எஞ்சினின் சுழற்சி முற்றிலும் ஓயும்வரை அந்தப் பம்ப் தன் காரியத்தைத் தொடர்ந்தமையால், எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர்களில் படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் ஆயிலில் கலந்து அதனை நீர்க்கச் செய்தது. குறுகிய தூரப் பிரயாணங்களில் ஆயில் போதிய உஷ்ணம் அடையாதாகையால், கலந்த பெட்ரோல் ஆவியாய் வெளியேறவும் மார்க்கமில்லை. ஆகவே, ஆயில் மட்டம் காரணமின்றி உயர்ந்து, அளவுக் குச்சியில் பெட்ரோல் வாசனையும் வீசுமாயின், உடனே ஆயிலை மாற்றிவிட்டுப் பின்னர் பம்பைப் பரிசோதிப்பதே எஞ்சினின் ஆயுளைக் காக்கும் உபாயமாகும்.