நாவிக்: எல்லாம் கடிகாரத்தில் இருக்கிறது

செல்போனில் வழி காட்டும் ஜி.பி.எஸ். அமெரிக்காவுடையது, உலகம் முழுவதற்குமானது. இந்தியாவுக்கும், எல்லையைத் தாண்டி சுமார் 1,500 கி.மீ. வரைக்கும் மட்டும் இஸ்ரோ அமைத்ததுதான் நாவிக். ஜி.பி.எஸ்.ஸுக்குக் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் வேண்டும். நாவிக்குக்கு ஏழே போதும். பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் இவை நம் பக்கத்து வானத்திலேயே நிற்கின்றன.

சரி, இவை எதை அனுப்புகின்றன? முக்கியமாக நேரத்தைத்தான்! சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, உங்கள் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் தவறும். அதனால்தான் ஒவ்வொன்றிலும் ருபிடியம் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள்.

நாவிக் அடி வாங்கியதும் இங்கேதான். 2013இல் ஏவிய முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. மூன்றும் வெளிநாட்டில் வாங்கியவை. மாற்றாக 2017இல் அனுப்பியதோ, வெப்பக் கவசம் பிரியாமல் வீணாயிற்று. பிறகு 2023இல் சென்ற என்.வி.எஸ்.-01இல் இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரம் வைக்கப்பட்டது. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் எல்1 அலைவரிசையிலும் அது சிக்னல் தருகிறது. புது போன் வாங்கும்போது, விவரப் பட்டியலில் நாவிக் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.